எந்த வழியாக வந்தோம்? மன்னார்ப் பாதையிலிருந்து ராமானுஜம் கப்பல் வரை

போன மாதம் ஹட்டனில் ஒரு நண்பர் வீட்டில் கூடியிருந்தோம். புத்தகத்தைப் பற்றிப் பேசத்தான் கூடினோம், ஆனால் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எங்களில் ஒருவருக்குக் கோத்தகிரியில் இருக்கிற பெரியப்பா குடும்பத்தைப் பார்க்க ஆசை. எது மலிவு என்று எல்லோருமாகக் கணக்குப் போட்டோம். கட்டுநாயக்க போய் விமானத்தில் திருச்சிக்குப் பறப்பது ஒரு வழி. யாழ்ப்பாணம் போய், காங்கேசன்துறையில் கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்குவது இன்னொரு வழி. இரண்டிலும் கடவுச்சீட்டு, விசா, கட்டணம் என்று கூட்டிப் பார்த்தால் ஒரு கொழுந்துத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம் போய்விடுகிறது.

அடுப்படியில் இருந்த நண்பரின் அப்பாயி சிரித்தார். "எங்க காலத்துல இம்புட்டு யோசிச்சதே இல்ல. இங்க கோச்சி ஏறுனா தலமன்னாரு. அங்க கப்பலு. இறங்குனா ராமேஸ்வரம். அம்புட்டுத்தான்."

எங்களுக்கு அது உறைத்தது. நம்ம பாட்டி காலத்தில் சுலபமாக இருந்த ஒரு பயணம் நமக்கு ஏன் இத்தனை கஷ்டம்? அதற்கும் முன்னால், அவருடைய பாட்டனார் எந்த வழியாக வந்திருப்பார்? "200 வருடங்களுக்கு முன் இந்தியாவிலிருந்து வந்தோம்" என்று ஒரே வரியில் சொல்லிப் பழகிவிட்டோம். எப்படி வந்தோம் என்று கேட்டுப் பார்த்தால், அந்த ஒரு வரிக்குள் நாலைந்து பாதைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் திறந்தவர்கள் யார், மூடியவர்கள் யார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கால்நடையாக

1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலத்தில் கண்டிச்சீமைக்கு ரயில் கிடையாது. ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்து ஊர்களில் கங்காணிமார் ஆள் கட்டினார்கள். முற்பணம் வாங்கியவர்கள் நடந்தே கடற்கரைக்கு வந்து, தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரைக்கும் மறுபடியும் நடை. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல். வழி முழுக்கக் காடு, தண்ணீருக்குத் தட்டுப்பாடு. காலராவும் அம்மையும் மலேரியாவும் கூடவே நடந்தன. விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூட்டத்துக்குத் தெம்பு இருக்காது.

எத்தனை பேர் செத்தார்கள்? 1840களில் மட்டும் 70,000 பேர் என்று அந்தக் காலத்திலேயே கொழும்புப் பத்திரிகையில் ஒரு கணக்கு வந்தது. அந்த எண் மிகை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டார்கள். எண்ணைப் பற்றித்தான் விவாதம், பாதையோரத்தில் பிணங்கள் கிடந்ததை யாரும் மறுக்கவில்லை. கிணறும் தங்குமடமும் வைத்தியசாலையும் பிறகுதான் வந்தன. அவையும் ஆள் வரத்து குறைந்தால் கோப்பி பறிக்க ஆள் இருக்காது என்ற கவலையோடு சேர்ந்தே வந்தன.

இந்தப் பாதையைப் பற்றி நாம் மறந்துபோன விசயம் ஒன்று இருக்கிறது. இது ஒரு வழிப்பாதை இல்லை. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது முக்கியமாக அறுவடைக் காலத்தில்தான். ஆகவே பெரும்பாலும் ஆண்கள் வந்தார்கள், பறித்து முடிந்ததும் உயிரோடு இருந்தவர்கள் அதே வழியில் ஊருக்குத் திரும்பினார்கள், அடுத்த வருடம் மறுபடி வந்தார்கள். நம்ம ஆளுங்க போக்கும் வரத்துமாக இருந்தவர்கள்.

1869இல் இலைநோய் தாக்கி, அடுத்த இருபது வருடங்களுக்குள் கோப்பி அழிந்தது. தேயிலை வந்தது. தேயிலைக்கு அறுவடைக் காலம் என்று தனியாக ஒன்று இல்லை. வருடம் முழுக்கக் கொழுந்து வரும், வருடம் முழுக்க ஆள் வேண்டும். அப்போதுதான் பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் அதிகம் வந்தன, லயங்கள் நிரம்பின.

கொழும்பு வழி

1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஓடியது. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் பாதை வந்து சேர்ந்தது. கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்ட பாதைதான். ஆனால் அதே பாதையில் மேலே ஆளை ஏற்றலாம் என்று தோட்டக்காரர்களுக்குத் தெரியாதா என்ன? தூத்துக்குடியில் கப்பல் ஏறி, ஓர் இரவு கடலில் கழித்து, கொழும்பில் இறங்குகிற வழி பெருகியது.

19ஆம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் இந்தியாவில் பிளேக் பரவியது. அந்தப் பயத்தில் மன்னார் நடைபாதை மூடப்பட்டது. இனி எல்லோரும் கண்காணிக்கப்பட்ட ஒரே வழியில் வரவேண்டும்: தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறை முகாம், பிறகு கப்பல், இறங்கியதும் ராகம முகாம், அப்புறம்தான் மலைக்கு ரயில். நாட்டின் தலைநகரில் கால் வைத்தும் நம்ம ஆளுங்க பார்த்தது துறைமுகத்தையும் முகாமையும்தான்.

இந்தக் காலத்தில்தான், 1901 வாக்கில், தகரத் துண்டு முறை வந்தது. ஒரு சின்னத் தகரத்தில் மாவட்டத்தின் எழுத்தும் தோட்டத்தின் எண்ணும் அடிக்கப்பட்டிருக்கும். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வரவேண்டும். அதைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் ஏற்றுவார்கள், செலவு அந்த எண்ணுள்ள தோட்டத்தின் கணக்குக்குப் போகும். பெட்டியில் விலாசம் ஒட்டி அனுப்புவது மாதிரி. பெயர் தெரிய வேண்டியதில்லை, எண் தெரிந்தால் போதும். 1904இல் தோட்டத் துரைமார் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தைத் திறந்து, ஆள் சேர்ப்பை இன்னும் ஒழுங்குபடுத்தினார்கள்.

மண்டபமும் தலைமன்னாரும்

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. ரயில் தனுஷ்கோடி வரை ஓடியது. இந்தப் பக்கம் தலைமன்னார் வரைக்கும் தண்டவாளம். நடுவில் சுமார் 22 மைல் கடலை நீராவிக் கப்பல் சில மணி நேரத்தில் கடந்தது. மெட்ராஸ் எழும்பூரில் ஏறியவர் ஒரே டிக்கெட்டில் கொழும்பு போகலாம். போட் மெயில் என்று பெயர். வக்கீல்கள், வியாபாரிகள், அரசியல்வாதிகள் எல்லாம் அதில் போனார்கள்.

தோட்டத்துக்கு வருகிறவருக்கு அதே தண்டவாளம்தான், ஆனால் வேறு பயணம். அவர் முதலில் மண்டபம் முகாமில் இறங்க வேண்டும். உடம்புச் சோதனை, அம்மைத் தடுப்பூசி, உடுப்பை அவிப்பது, நாள் கணக்கில் தடுத்து வைப்பது, பெயர் பதிவு. அதன் பிறகு கப்பல். தலைமன்னாரிலிருந்து அநுராதபுரம், மாகோ வழியாகப் பொல்காவலை வந்து, அங்கே மலைநாட்டு ரயிலுக்கு மாற்றம். கொழும்பைப் பார்க்காமலே ஹட்டனில் வந்து இறங்கினார்கள்.

ஒரு நல்லதும் நடந்தது, அதையும் சொல்லவேண்டும். நடைபாதையில் போன உயிர்கள் போல இதில் போகவில்லை. குழந்தை பெறவும், கலியாணம் காட்சிக்கும், குலசாமி கும்பிடவும் ஊருக்குப் போய்வர முடிந்தது. அப்பாயி சொன்ன "அம்புட்டுத்தான்" இந்தப் பாதைதான்.

எண்ணினவர்களே ஆதாரம் கேட்டார்கள்

1939இல் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் வேலை செய்த இந்தியத் தினக்கூலிகளை வெளியேற்றத் தொடங்கியது. பதிலுக்கு இந்திய அரசாங்கம் அந்த ஆகஸ்ட் மாதம் இலங்கைக்குக் கூலித் தொழிலாளர் புறப்படுவதைத் தடை செய்தது. இரண்டு அரசாங்கங்களுக்கு இடையிலான சண்டை. மாட்டிக்கொண்டது யார்? சாவு வீட்டுக்கு ஊருக்குப் போனால் திரும்பி வரமுடியுமா என்ற பயத்தில் லயத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்.

பிறகு சுதந்திரம் வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்தில் பாட்டனின் பிறப்புக்கு எங்கே போவது? 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வேறு ஒரு கதவைத் திறந்தது. அதற்கு இடைவிடாத வதிவு வேண்டும்: கலியாணமானவருக்கு 7 வருடம், ஆகாதவருக்கு 10 வருடம். 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போனதில் சுமார் 1,34,000 பேருக்குத்தான் குடியுரிமை கிடைத்தது.

இந்த இடத்தில் எங்களுக்குக் கோபம் வந்ததை மறைக்கவில்லை. தகரத் துண்டு கட்டி, ஊசி குத்தி, முகாமில் பெயர் எழுதி, எண்ணி எண்ணித்தான் கப்பலில் ஏற்றினார்கள். ஒரு தலை கூடினால் செலவு யார் கணக்கு என்று கேட்டவர்கள் அவர்கள். அப்படி எண்ணி இறக்கப்பட்ட மக்களிடமே "நீ எப்போது வந்தாய், என்ன ஆதாரம்?" என்று கேட்டது அடுத்த அரசாங்கம். ஒரு காலத்தில் இயல்பாக இருந்த போக்குவரத்தே ‘இடைவெளி’ என்று குற்றமானது.

அதோடு ஒரு வசைச்சொல்லும் ஒட்டிக்கொண்டது: கள்ளத்தோணி. தடைக்குப் பிறகு களவாகத் தோணியில் வந்தவர்கள் சிலர் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு முழுச் சமூகத்தையும் அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள்.

திரும்பிப் போன கோச்சி

1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் நடந்து இரண்டு மாதம் ஆகவில்லை, டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ரயிலும் போனது, துறையும் போனது. ஆனால் ஆட்களை அனுப்புவது நிற்கவில்லை. ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ராமானுஜம் கப்பல் ஓடியது. ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா ஸ்டேஷன்களில் போகிறவரும் இருக்கிறவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். மு. சிவலிங்கத்தின் ஒரு சிறுகதைத் தொகுதிக்கே ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றுதான் பெயர். அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தங்கச்சிக்கு இலங்கைக் குடியுரிமை என்று வீடு இரண்டாக உடைந்தது. போனவர்களில் பலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய் மறுபடியும் கொழுந்தே பறித்தார்கள். இங்கே ‘இந்தியாக்காரன்’ என்று கேட்டவர்களுக்கு அங்கே கிடைத்த பெயர் ‘சிலோன்காரன்’.

1984இல் போர்ச்சூழலில் அந்தக் கப்பலும் நின்றது. 1990இல் தலைமன்னார் ரயிலும் நின்றது.

இன்றைக்கு

2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றவர் பிரச்சினை சட்டப்படி தீர்ந்தது. 2015இல் தலைமன்னாருக்கு மறுபடி ரயில் வந்தது, கப்பல் வரவில்லை. 2011இல் தூத்துக்குடி – கொழும்புக் கப்பல் ஒன்று தொடங்கி அதே வருடம் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கி, நின்று, மறுபடி ஓடியது. அதே 2023இல், மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நம்ம மக்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்த வழியில், இந்த முறை யாரும் ஆள் கட்டாமல், தாங்களாகவே நடந்தார்கள்.

தலைமன்னார்க் கப்பல் மறுபடி ஓடவேண்டும் என்று யாராவது பேசும்போது அது சுற்றுலாவுக்கு, வர்த்தகத்துக்கு என்றுதான் பேசுகிறார்கள். பிரிக்கப்பட்ட குடும்பங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன என்பதை அந்தப் பேச்சில் சேர்க்கவேண்டியது நாம்தான். ஒரு கொழுந்துத் தொழிலாளி கொடுக்கக்கூடிய கட்டணத்தில் ஒரு பயணம் வேண்டும் என்று கேட்பது பெரிய ஆசை இல்லை. 1970களில் அது இருந்தது.

எங்கள் நண்பர் இன்னும் கோத்தகிரிக்குப் போகவில்லை, காசு சேர்த்துக்கொண்டிருக்கிறார். அதுவரைக்கும் அப்பாயி சொல்வதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிவைக்கத் தொடங்கியிருக்கிறோம்: எந்த ஊர், எந்த முகாம், எந்தக் கப்பல், யார் கூட வந்தார், யார் திரும்பிப் போனார். நீங்களும் உங்கள் வீட்டில் ஒருவரைக் கேட்டு எழுதி வையுங்கள். ஆதாரம் இல்லை என்று நம்மிடம் ஒரு முறை சொல்லிவிட்டார்கள். இன்னொரு முறை சொல்ல விடக்கூடாது.