கைநாட்டும் கைவிலங்கும்

ஒரு தொழிலாளி சொல்லாமல் வேலைக்கு வரவில்லை என்றால் அவனுக்கு அன்றைய கூலி இல்லை. அடிக்கடி நேர்ந்தால் வேலையும் போகக்கூடும். ஆயினும் அவனைக் குற்றவாளி என்று எவரும் சொல்லமாட்டார். கூலி வேறு, குற்றம் வேறு என்பது இன்று சிறு பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. ஆனால், நெகிரி செம்பிலான் மண்ணில் காப்பித் தோட்டங்களும் அவற்றைத் தொடர்ந்து ரப்பர்த் தோட்டங்களும் எழுந்த காலத்தில், அங்கு வந்திறங்கிய தமிழனுக்கு இந்த வேறுபாடு இருக்கவில்லை. ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்த தொழிலாளி வேலைக்கு வர மறுத்தால் அது குற்றம். தோட்டத்தை விட்டு ஓடினால் அதுவும் குற்றம். அவனைத் தேடிப் பிடிக்கப் பிடியாணை பிறக்கும். அவன் நடுவர் முன் நிற்பான். அபராதமோ சிறையோ பெறுவான்.

இவ்வாறு குற்றவியல் சட்டம் தோட்டத் தமிழனுக்கு முதன்முதலில் அறிமுகமானது அவனைக் காக்கும் வேலியாக அன்று. அவனைக் கட்டிவைக்கும் கயிறாகவே ஆகும். சட்டத்தின் மீது அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்ட அச்சத்தின் வேர் இங்கேதான் உள்ளது.

கூலியும் குற்றமும்

இதில் ஒரு முரண்பாட்டை வரலாற்று மாணவர் கூர்ந்து நோக்க வேண்டும். இங்கிலாந்தில் தொழிலாளி வேலை ஒப்பந்தத்தை மீறுவது குற்றமாகாது என்று 1875ஆம் ஆண்டின் சட்டம் முடிவு செய்தது. அந்த நாட்டுத் தொழிலாளியின் ஒப்பந்த மீறல் அதன்பின் உரிமையியல் வழக்காக மட்டுமே கருதப்பட்டது. ஆனால், மறு ஆண்டே, அதாவது 1876இல், அதே பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் இந்தியக் குடியேறிகள் சட்டம் இயற்றப்பட்டது. ஒப்பந்தக் கூலிகள் மீது குற்றத் தண்டனை அங்கு நிலைபெற்றது. மலாய் மாநிலங்களும் அந்த வழியையே பின்பற்றின. தலைநகரில் தள்ளப்பட்ட சட்டம் தோட்டத்தில் தழைத்தது!

ஒப்பந்தக் கூலி முறைக்கு 1910இல் முடிவு கட்டப்பட்டது. அதற்கு முன்பே கங்காணி முறை வலுப்பெற்றிருந்தது. கங்காணி வழி வந்தவர் ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து விலகலாம் என்பது ஏட்டளவில் இருந்த உரிமை. ஆயினும் முன்பணக் கடன் தொழிலாளியின் காலைப் பிணித்தது. எழுத்தறியாமை நாவைப் பிணித்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு 1912இல் வந்தது. புதிய தொகுப்பு 1923இல் வந்தது. இவற்றிற்கிடையே 1920களின் தொடக்கத்தில்தான் வேலை ஒப்பந்த மீறலுக்கான குற்றத் தண்டனைகள் நீக்கப்பட்டன. இங்கிலாந்துத் தொழிலாளி பெற்ற விடுதலையை மலாயாத் தமிழன் பெறுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

கூடவே வந்த சட்டம்

தமிழன் கப்பலேறி வந்தபோது இந்தியாவின் சட்டமும் அவனுடன் கப்பலேறியது எனலாம். மெக்காலே தலைமையில் 1837இல் வரையப்பட்டு, 1860இல் இயற்றப்பட்டு, 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டமே மலாயாவின் தண்டனைச் சட்டத் தொகுப்புக்கு மூலம். கொலைக்கு 302, திருட்டுக்கு 379, மோசடிக்கு 420 என்ற எண்கள்கூட மாறவில்லை. இந்தியாவில் 2024 ஜூலை முதல் நாள் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததால் அந்த எண்கள் அங்கு வழக்கொழிந்தன. மலேசியாவிலோ அவை இன்றும் நிலைத்துள்ளன.

இச்சட்டத்தின் சில பிரிவுகள் தோட்ட வாழ்வை நேராகத் தொட்டன. மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைச் சிறிது எடுத்துச் சென்று விற்பதைப் பலர் பெருங்குற்றமாகக் கருதவில்லை. சட்டம் அவ்வாறு கருதவில்லை. முதலாளியின் உடைமையைப் பணியாளன் திருடுவதற்கு 381 என்று தனிப் பிரிவே உண்டு. அதற்குரிய தண்டனை சாதாரணத் திருட்டைவிடக் கடுமையானது. திருட்டுப் பொருள் என்று அறிந்து வாங்கியவன் 411ஆம் பிரிவில் சிக்குவான். திருவிழாவில் மூளும் கைகலப்பில் ஒருவன் அடிக்க, அதே நோக்கத்துடன் உடன் சேர்ந்தவர்கள் துணைநின்றால், அனைவரும் தாமே அடித்தவர்போல் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது 34ஆம் பிரிவு. அதே சட்டம் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் தற்காப்பு உரிமையையும் தருகிறது. தன் உயிரைக் காக்கத் தேவையான அளவு எதிர்த்தவன் குற்றவாளியல்லன். ஆயினும் அந்த அளவைக் கடந்தானா இல்லையா என்பதை நீதிமன்றத்தில் எடுத்துரைக்க, சட்டம் கற்ற ஒருவர் வேண்டும்.

அத்துமீறி நுழைதல் பற்றிய 441ஆம் பிரிவும் தோட்டத்தில் தனிப்பொருள் பெற்றது. தோட்டம் முழுவதும் முதலாளியின் நிலம். லயமும் அவனுடையது, லயத்திற்குப் போகும் பாதையும் அவனுடையது. ஆகவே, தொழிலாளரைக் காணவரும் சங்கத்தார் அத்துமீறியவராகக் கருதப்படும் நிலை இருந்தது. தன் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குத் துரையின் இசைவு வேண்டும் என்றால், அங்கே வாழ்பவனின் உரிமைதான் எவ்வளவு?

வழக்கின்றி வந்த தண்டனை

சட்டம் கடுமையாக இருப்பது ஒரு துன்பம். வழக்கே இல்லாமற் போவது அதனினும் பெருந்துன்பம். சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் 1941இல் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் எழுந்து நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. கூலி உயர்வு மட்டுமன்றி, துரைமார் எதிர்ப்படும்போது மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கும் இழிவு ஒழிய வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கை. அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைதாகி நாடு கடத்தப்பட்டார். நாடு கடத்தலுக்கு நீதிமன்ற விசாரணை தேவைப்படவில்லை. இராணுவம் வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு இறந்தனர்.

போருக்குப் பின் 1948 ஜூனில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி இந்த விதியின் கீழ் தண்டிக்கப்பட்டு, 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முன்னாள், மற்றொரு தொழிற்சங்கத் தலைவரான பி. வீரசேனன் நெகிரி செம்பிலானில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பொதுமக்களின் அன்றாட வாழ்விலும் குற்றத்தின் எல்லை விரிந்தது. உணவுக் கட்டுப்பாடு நடப்பிலிருந்த பகுதிகளில் வேலிக்கு வெளியே சோறு கொண்டு போவதே குற்றம் ஆனது. சிரம்பான் வட்டாரத்தில் 1952இல் இத்தகைய நடவடிக்கை பெரிய அளவில் நடந்தது. விடியலில் பால்வெட்டுக்குச் செல்பவர் வாயிலில் சோதிக்கப்பட்டனர். பசிக்கென்று கட்டிய சோற்றுப் பொட்டலம் சட்டத்தின் கண்ணுக்குக் குற்றச் சான்றாகத் தோன்றிய காலம் அது. அவசரகாலம் 1960இல் நீங்கியது. ஆயினும் விசாரணையின்றித் தடுத்து வைக்கும் சட்டங்கள் வேறு வேறு பெயர்களில் அதன் பின்னரும் தொடர்ந்தன.

இக்காலத்திலேயே தொழிலாளரின் குரலும் முறைப்படி அமைந்தது. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணி ஆற்றிய பி. பி. நாராயணன் முன்னின்று உழைக்க, 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. கூலித் தகராறு இனிக் காவல் நிலையத்தில் அன்று, பேச்சுவார்த்தை மேசையில் தீர்க்கப்பட வேண்டியது என்ற எண்ணம் வலுப்பெற்றது.

எழுதப்பட்ட உரிமைகள்

நாடு 1957இல் விடுதலை பெற்றபோது கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் விதி மூன்று உறுதிகளைத் தந்தது. கைது செய்யப்பட்டவனுக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். அவன் தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசவும், அவர் வழி எதிர்வாதம் செய்யவும் இடமளிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அவனை நடுவர் முன் நிறுத்த வேண்டும். நடுவரின் ஆணையின்றி அதற்குமேல் காவலில் வைக்கக் கூடாது.

காவல்துறையைப் பற்றி ஆராய 2004இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் மறு ஆண்டு அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2006இல் திருத்தப்பட்டு, 28அ பிரிவு சேர்க்கப்பட்டது. விசாரிக்கத் தொடங்குமுன், உறவினர் ஒருவரோடும் வழக்கறிஞரோடும் தொடர்பு கொள்ளலாம் என்பதைக் கைதானவனுக்குக் காவல் அதிகாரி சொல்லியாக வேண்டும். உடந்தையானவர் தப்புவார், சான்று அழியும் என்பன போன்ற சில நிலைகளில் உயர் அதிகாரி இதற்கு விலக்களிக்கலாம். காவலை நீட்டிக்கவும் வரையறை உண்டு. பதினான்கு ஆண்டுகளுக்குக் குறைந்த சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயின் முதலில் 4 நாள், பின்னர் 3 நாள். அதற்கு மேற்பட்டவற்றிற்கு 7 நாளும் மேலும் 7 நாளும். நடுவர் முன் நீட்டிப்புக் கேட்கப்படும் அந்த வேளையிலேயே வழக்கறிஞர் உடனிருந்தால், நாள்களைக் குறைக்கக் கோரலாம்.

வாக்குமூலம் பற்றிய 112ஆம் பிரிவு தோட்ட வரலாற்றை அறிந்தோர்க்குச் சிறப்பாக நெஞ்சைத் தொடும். தன்னையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்கு விடை சொல்ல மறுக்கும் உரிமையை அது தருகிறது. மேலும், எழுதப்பட்ட வாக்குமூலத்தை, சொன்னவன் எந்த மொழியில் சொன்னானோ அந்த மொழியிலேயே படித்துக் காட்ட வேண்டும். திருத்த வாய்ப்பளிக்க வேண்டும். அதன் பின்னரே கையெழுத்தோ கைநாட்டோ பெற வேண்டும் என்கிறது. கூலி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றறியாமல் பெருவிரலை மையில் தோய்த்தவரின் பேரனுக்கு, படித்துக் காட்டிய பின்னரே விரல் பதிக்கும் உரிமை கிடைத்துள்ளது. இந்த உரிமை ஏட்டில் உள்ளது. கேட்பவனுக்கே அது கைக்கு வரும்.

வழக்கறிஞரை நாடும் வேளை

எல்லாச் சிக்கலுக்கும் வழக்கறிஞர் வேண்டுவதில்லை. சம்பள பாக்கி, வேலைநீக்க இழப்பீடு ஆகியவை குற்றவியல் சார்ந்தவையல்ல. 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் தொழிலாளர் அலுவலகத்தில் தொழிலாளி தானே முறையிடலாம். திருட்டு, தாக்குதல் முதலியவற்றிற்கு ஆளானவர் காவல் நிலையத்தில் புகார் செய்யவும் வழக்கறிஞர் தேவையில்லை.

ஆனால், மூன்று வேளைகளில் தாமதம் கூடாது. கைதான உடனே என்பது முதலாவது. சந்தேகத்தின் பேரில் வாக்குமூலம் தர அழைக்கப்படும்போது என்பது இரண்டாவது. நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டு, 'ஒப்புக்கொள்கிறாயா?' என்று கேட்கப்படுமுன் என்பது மூன்றாவது. குற்றம் சாட்டப்பட்டவர் பதினெட்டு வயதுக்குட்பட்டவராயின் பெற்றோர் இன்னும் விரைந்து செயற்பட வேண்டும்; அவருக்கெனச் சிறார் நீதிமன்ற நடைமுறை 2001ஆம் ஆண்டின் சட்டத்தில் உண்டு.

இம்மூன்றனுள் மிகக் கொடிய விளைவைத் தருவது மூன்றாவதில் நேரும் பிழையே. ஒருநாள் கூலி போய்விடுமே, மறுமுறை சிரம்பானுக்குப் பேருந்துக் காசுக்கு எங்கே போவது, ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு விட்டுவிடுவார்களே என்று எண்ணும் ஏழை, செய்யாததையும் ஒப்புக்கொள்ளக்கூடும். ஒப்புதலின் தன்மையும் விளைவும் அவனுக்குப் புரிந்தனவா என்று நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும் என்பது சட்டம். ஆயினும் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவன், தண்டனையின் அளவையும் சட்டப் பொருத்தத்தையும் தவிர வேறு எதைக் குறித்தும் மேல்முறையீடு செய்ய இயலாது. ஒரு சொல்லில் கதவு மூடிக்கொள்கிறது. அபராதம் அன்றோடு தீரும்; குற்றப் பதிவோ வேலை தேடும் இடமெல்லாம் அவனுக்கு முன்னே போய் நிற்கும்.

பணமில்லையே என்பது இன்று முழு விடையாகாது. சட்ட உதவிச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. மாநில வழக்கறிஞர் மன்றங்களின் சட்ட உதவி மையங்கள் உள்ளன. தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல், வருமான வரம்புக்குட்பட்ட குடிமக்களுக்குக் குற்றவியல் வழக்குகளில் உதவி வருகிறது. சாட்சியம் புரியாத மொழியில் இருந்தால், தமிழில் மொழிபெயர்த்துத் தருமாறு கேட்பதும் உரிமையே. அதில் வெட்கத்திற்கு இடமில்லை.

சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒன்றை மாணவர்க்கு எடுத்துக்காட்டலாம். பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கோவலன் வெட்டப்பட்டான். அவனை யாரும் விசாரிக்கவில்லை. அவனுக்காகப் பேசிய கண்ணகி சான்றோடு வந்தாள், அறத்தோடு வந்தாள், வழக்கில் வென்றாள். ஆனால், அவள் வந்தது அவன் இறந்த பின்னர். வழக்குரைக்கும் குரல் எவ்வளவு வலியதாயினும் அது காலத்தே வரவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தமிழில் இல்லை.

தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயத்துப் பிள்ளைகள் நீலாயிலும் சிரம்பானிலும் பாகாவிலும் நகரவாசிகளாய் வாழ்கின்றனர். கங்காணியும் துரையும் மறைந்தனர். சட்டத்தின் முன் வாய்மூடி நிற்கும் பழக்கம் மட்டும் முற்றாக மறையவில்லை. அதனை மாற்றும் பணி பள்ளியில் தொடங்க வேண்டும். படித்துப் பாராமல் எதிலும் கையெழுத்திடாதே, கேட்டுத் தெளியாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதே என்னும் இரு பாடங்களையும் ஒரு பிள்ளை ஐயமறக் கற்றுக்கொண்டால், விரல் பதித்தே விலங்கு பூண்ட அதன் முன்னோரின் கடன் ஒருவாறு தீரும்.