வயர்லெஸ் டிரைவரின் கதை: பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட சாவி

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அன்றைய முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் ஆண்டு இலக்கு மட்டும் 9.12 லட்சம் மடிக்கணினிகள். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கும் உச்சிப்புளி மாதிரி ஊர்களில் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் இந்த அரசு லேப்டாப்தான்.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த விண்டோஸ். இன்னொன்று இந்தியாவிலேயே தயாரான பாஸ் லினக்ஸ். பெட்டியைத் திறந்தவர்கள் பெரும்பாலும் முதலாவதற்குள் போனார்கள், இரண்டாவதை மறந்தார்கள். ஏன்? பழக்கம் ஒரு காரணம். ஆனால் லினக்ஸ் என்றாலே "அதில் வயர்லெஸ் எடுக்காதுப்பா" என்று ஒரு பேச்சு அப்போது ஊர் முழுக்க இருந்தது. அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கம்பெனிகளும் சட்டங்களும் பெயர் தெரியாத பல நிரலாளர்களும் சேர்ந்த வரலாறு. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

டிரைவர் என்றால் என்ன?

கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தனி பாஷை உண்டு. இயங்குதளத்துக்கு அந்த பாஷை தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்க்கும் சின்ன மென்பொருள்தான் டிரைவர். வயர்லெஸ் கார்டுக்கு இன்னொன்றும் வேண்டும். அதன் பெயர் ஃபர்ம்வேர். ஒவ்வொரு முறை கணினியை ஆன் செய்யும்போதும் கார்டின் சிப்புக்குள் ஏற்றப்படும் குட்டி நிரல் அது. டிரைவர் இருந்து ஃபர்ம்வேர் இல்லையென்றால், ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தும் டீசல் இல்லாத படகு மாதிரிதான்.

விண்டோஸ்காரர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது 2001-ல். அதற்குப் பிறகு வந்த கார்டுகளை அதற்கு அடையாளம் தெரியாது. லேப்டாப்பை ஃபார்மேட் அடித்துவிட்டால் திரும்பவும் டிரைவர் சிடி வேண்டும். சிடி தொலைந்துபோயிருந்தால் நெட்டிலிருந்து இறக்க வேண்டும். நெட்டுக்குப் போகவோ டிரைவர் வேண்டும்! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. பிரவுசிங் சென்டருக்குப் போய் பென் டிரைவில் ஏற்றி வந்து போட்டவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஆனால் விண்டோஸுக்கு டிரைவர் என்ற ஒன்று எங்கேயாவது இருந்தது. அலைந்தால் கிடைக்கும். லினக்ஸுக்கோ பல கார்டுகளுக்கு டிரைவரே எழுதப்படவில்லை. எழுத நினைத்தவர்களுக்கு அந்த சிப் எப்படி வேலை செய்கிறது என்ற விவரத்தைக் கம்பெனிகள் கொடுக்கவில்லை.

காற்றுக்கும் லைசென்ஸ்

கம்பெனிகள் ஏன் கொடுக்கவில்லை? அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்றைப் புரிந்துகொள்ள, முதலில் ரேடியோ அலைகளைப் பற்றிய சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் தந்திச் சட்டம் வந்தது 1885-ல். பிறகு 1933-ல் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் ஒரு வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்றது அது. (இந்த இரண்டு பழைய சட்டங்களுக்கும் மாற்றாகத்தான் 2023-ல் தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது.) அமெரிக்கா 1985-லேயே 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைகளை லைசென்ஸ் இல்லாத தகவல் தொடர்புக்குத் திறந்துவிட்டது. 1997-ல் 802.11 என்ற தரம் வந்தது, 1999-ல் வை-ஃபை என்ற பெயரும் வந்தது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு முழுமையான லைசென்ஸ் விலக்கு கிடைத்தது 2005 ஜனவரியில்தான். அதிகபட்சம் 1 வாட் சக்தி, ஆன்டெனா உயரத்துக்கு வரம்பு என்ற நிபந்தனைகளோடு. 5 கிகாஹெர்ட்ஸில் கட்டிடத்துக்குள் மட்டும் அனுமதி. அது வெளியிலும் தாராளமாகத் திறந்தது 2018-ல்.

இந்தக் கட்டுப்பாடுகள் வெறும் சர்க்கார் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. உச்சிப்புளியிலேயே ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானதளம் இருக்கிறது. 2009-ல் அந்தப் பெயர் பெற்றது. விமானம் இறங்க, கப்பல் வழிகாண, ரேடார் பார்க்க, மழை கணிக்க எல்லாவற்றுக்கும் ரேடியோ அலைதான். ஆளாளுக்கு நினைத்த அலைவரிசையில் நினைத்த சக்தியில் ஒலிபரப்பினால் என்ன ஆகும் என்பதைக் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கம்பெனிகள் பிடித்துக்கொண்டது இந்த வாதத்தைத்தான். "சிப்பின் விவரத்தை வெளியிட்டால் யாராவது அனுமதியில்லாத அலைவரிசைக்கு மாற்றிவிடுவார்கள், சட்டம் எங்களைப் பிடிக்கும்" என்றார்கள். அது ஓரளவு நியாயமான பயம்தான். ஆனால் முழுக் காரணம் அது மட்டுமல்ல என்பது பின்னால் தெரிந்தது.

எடுக்காத காலம்

2003 மார்ச்சில் இன்டெல் நிறுவனம் சென்ட்ரினோவை அறிமுகப்படுத்தியது. பிராசஸர், சிப்செட், வயர்லெஸ் கார்டு மூன்றும் ஒரே பெயரில். அதன்பின் லேப்டாப் என்றால் வயர்லெஸ் இருந்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. ஆனால் சென்ட்ரினோ கடைக்கு வந்தபோது அந்தக் கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் இல்லை. 2004-ல்தான் இன்டெல் திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட்டது. அப்போதும் ஃபர்ம்வேரைத் தனியாக, அதற்கென்ற உரிம நிபந்தனையை ஏற்று இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

மற்ற பல கம்பெனிகள் அந்த அளவுக்குக்கூட வரவில்லை. ஆகவே 2003-ல் ஒரு குறுக்குவழி பிறந்தது. அதன் பெயர் என்டிஸ்ராப்பர். விண்டோஸுக்காக எழுதிய டிரைவரையே எடுத்து, "நீ இருப்பது விண்டோஸில்தான்" என்று அதை நம்பவைத்து லினக்ஸுக்குள் ஓட்டுவது! இதை உருவாக்கியவர்கள் பாண்டஸ் ஃபுக்ஸ், கிரிதர் பெம்மசானி என்ற இருவர். டிரைவர் சிடியிலிருந்து இரண்டு கோப்புகளை எடுத்துக் கொடுத்தால் போதும், பல கார்டுகளில் விளக்கு எரிந்தது. ஆனால் உள்ளே ஓடுவது மூடிய பெட்டி. கோளாறு வந்தால் திருத்த யாராலும் முடியாது. பசிக்குச் சாப்பாடுதான், ஆனால் கடன் சாப்பாடு.

பார்க்காமல் எழுதியவர்கள்

அந்தக் காலத்தில் அதிகம் திட்டு வாங்கியது பிராட்காம் சிப். டெல், எச்.பி., ஆப்பிள் என்று பல பிரபல லேப்டாப்களில் அது இருந்தது. ஆனால் லினக்ஸுக்கு விவரமும் இல்லை, டிரைவரும் இல்லை. எனவே தன்னார்வலர்கள் ஒரு வேலை செய்தார்கள். இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். முதல் குழு கம்பெனியின் மூடிய டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து, சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று விளக்கக் குறிப்பு மட்டும் எழுதியது. இரண்டாவது குழு கம்பெனி டிரைவரைக் கண்ணாலும் பார்க்கவில்லை. அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதியது. ஏன் இந்தச் சுற்றுவழி? "எங்கள் நிரலைக் காப்பியடித்தார்கள்" என்று யாரும் வழக்குப் போட முடியாதபடி இருக்கத்தான்.

2006 ஜூனில் வெளியான லினக்ஸ் 2.6.17 கர்னலில் அந்த டிரைவர் சேர்ந்தது. ஒரு கம்பெனி இரண்டு காகிதம் கொடுத்திருந்தால் எளிதில் முடிந்திருக்கும் வேலை. அப்போதும் ஃபர்ம்வேரை விநியோகிக்கும் உரிமை இல்லாததால், பயன்படுத்துபவரே கம்பெனி டிரைவரிலிருந்து அதை வெட்டியெடுக்க வேண்டும். அதற்கென்றே ஒரு கருவியும் இருந்தது. அதையும் நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும்... மறுபடியும் பெட்டிக்குள் சாவி!

"வயர்லெஸ் எடுக்காதுப்பா" என்ற பேச்சு பிறந்தது இங்கேதான். பழி விழுந்தது லினக்ஸ் மேல். பூட்டு வைத்தவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

கதவு ஏன் திறந்தது?

2008-ல் காட்சி மாறியது. ஏதரோஸ் நிறுவனம் ஜூலையில் தன் புதிய சிப்புகளுக்குத் தானே திறந்த டிரைவரை வெளியிட்டது. செப்டம்பரில், பழைய சிப்புகளுக்காக அதுவரை மூடிவைத்திருந்த பகுதியின் மூலநிரலையும் கொடுத்துவிட்டது. 2010 செப்டம்பரில் பிராட்காமும் தன் புது சிப்புகளுக்குத் திறந்த டிரைவரோடு வந்தது.

ரேடியோ சட்டம் நடுவில் மாறிவிட்டதா? இல்லை. அதே சட்டம், அதே கட்டுப்பாடு. எந்த நாட்டில் எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி என்ற பட்டியலை லினக்ஸ் தனியாக வைத்துக்கொள்ள ஆரம்பித்தது. இந்தியாவுக்கும் அதில் ஒரு வரி உண்டு. சட்டத்தையும் மதிக்கலாம், நிரலையும் திறக்கலாம் என்று நிரூபணம் ஆயிற்று.

உண்மையில் மாறியது சந்தை. 2007-ல் ஏசஸ் நிறுவனத்தின் ஈ-பிசி என்ற குட்டி லேப்டாப் லினக்ஸோடு விற்பனைக்கு வந்தது. 2008-ல் லினக்ஸ் கர்னலின் மேல் நிற்கும் ஆண்ட்ராய்டு போன் வந்தது. வீட்டு ரௌட்டர்களுக்குள் ஏற்கனவே லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. இனி லினக்ஸில் ஓடாத சிப்பை விற்பது கஷ்டம் என்ற கணக்கு வந்தது. வணிகவியல் பாடத்தில் முதல் வருடமே சொல்லித் தரும் விஷயம்தான் இது: விற்பவரின் கொள்கையை மாற்றுவது வாங்குபவரின் அளவு. கெஞ்சியவர்களுக்குக் கிடைக்காத காகிதம், ஆர்டர் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது.

தமிழ்நாட்டின் பங்கு

இனி பாஸ் லினக்ஸுக்கு வருவோம். கட்டற்ற மென்பொருளுக்காக ஒரு தேசிய மையம் 2005-ல் சென்னையில் உருவானது. சி-டாக் நிறுவனமும், அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்தியது. 2007 ஜனவரியில் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பாஸ் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வேலை செய்யலாம் என்பது அதன் பெருமை. அதே காலத்தில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்த எல்காட் நிறுவனம் தன் அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றியது. அரசுப் பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் சூசே லினக்ஸ் போனது. அதாவது, 2011-ல் விலையில்லா மடிக்கணினி வந்தபோது லினக்ஸ் தமிழ்நாட்டு அரசுக்குப் புதிதல்ல.

ஆனால் டெபியனுக்கு ஒரு கொள்கை இருந்தது. மூலநிரல் இல்லாத ஃபர்ம்வேரை நிறுவும் வட்டில் சேர்ப்பதில்லை. சுதந்திரம் என்ற நோக்கில் சரி. ஆனால் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொடும் ஒரு பிளஸ் டூ மாணவிக்கு? அவருக்குக் கொள்கை தெரியாது. திரையில் நெட்வொர்க் பெயர் வரவில்லை என்பது மட்டும் தெரியும். முதல் ஒரு மணி நேரத்தில் நெட் வராத இயங்குதளத்துக்கு யாரும் இரண்டாவது வாய்ப்பு கொடுப்பதில்லை. இதை டெபியனே பிறகு உணர்ந்தது. 2022-ல் அதன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, தேவையான ஃபர்ம்வேரை நிறுவும் வட்டிலேயே சேர்க்க முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-லிருந்து அது நடைமுறைக்கு வந்தது.

இடையில் சாவி வேறு வழியாகவும் வெளியே வந்துவிட்டது. 2010-ல் வந்த ஆண்ட்ராய்டு 2.2-லிருந்து போனை யுஎஸ்பி ஒயரில் செருகி நெட் எடுக்கும் வசதி கிடைத்தது. டிரைவர் இல்லாத லேப்டாப்புக்கும் அது போதும், மீதியை இறக்கிக்கொள்ளலாம்.

ஒரு வரி போதும்

இன்று பெரும்பாலான லேப்டாப்களில் லினக்ஸ் போட்டவுடன் வயர்லெஸ் எடுக்கிறது. ஆனாலும் புத்தம்புது சிப், மலிவான யுஎஸ்பி வை-ஃபை குச்சி என்று தொல்லை முழுதாகத் தீரவில்லை. 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தது. உலகத்தில் எந்த சிப் கம்பெனியும் திரும்பிப் பார்க்கிற எண்ணிக்கை இது. "இந்தக் கருவியில் இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் லினக்ஸ் கர்னலிலேயே டிரைவர் இருக்க வேண்டும்" என்று டெண்டரில் ஒரு வரி இருந்தால், இரண்டு குழுவாகப் பிரிந்து கண்ணை மூடிக்கொண்டு யாரும் நிரல் எழுத வேண்டியிருக்காது.

அந்த வரி ஏன் முக்கியம் என்றால், அரசு கொடுக்கும் லேப்டாப் நான்கைந்து வருடம் கழித்தும் வீட்டில் இருக்கும். விண்டோஸின் அந்தப் பதிப்புக்கு ஆதரவு முடிந்திருக்கும். தம்பியோ தங்கையோ அதை எடுத்துப் படிக்க வேண்டும். அப்போது லினக்ஸ்தான் அந்தப் பெட்டிக்கு இரண்டாவது ஆயுள். வயர்லெஸ் எடுத்தால் அது கம்ப்யூட்டர். எடுக்காவிட்டால் பரணில் கிடக்கும் இன்னொரு பெட்டி, அவ்வளவுதான்.