டாங்கா துறையில் தென்னாட்டுச் சிப்பாய்கள்

சென்ற மாதம் திருவரங்குளத்தில் நம் சங்கத்தார் கூடியிருந்த சமயம், பட்டாளத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், "தென்னாட்டான் யுத்தத்திற்கு உதவான் என்று வெள்ளையர் எழுதிவைத்தனரே, அதற்கு ஆதாரம் யாது?" என்று வினவினார். அவ்வாறு பேசியோர் எடுத்துக்காட்டிய சம்பவங்களுள் டாங்கா யுத்தமும் ஒன்று. ஆதலின் அதன் வரலாற்றை நம் அங்கத்தினர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

டாங்கா, கீழை ஆப்பிரிக்காவில் ஜெர்மானியர் வசமிருந்த துறைமுகம். இக்காலத்துத் தான்சானியா தேசத்தைச் சேர்ந்தது. அதனைக் கைப்பற்றும்பொருட்டு 1914-ஆம் வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி, மேஜர் ஜெனரல் எய்ட்கென் தலைமையில் சுமார் 8,000 பேர் கொண்ட சைனியம் பம்பாயினின்றும் புறப்பட்டது. அதில் 61-ஆம் பயனீர் படையும், 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் பழைய சென்னைச் சேனையின் வழிவந்தவை. தமிழர் பலர் அவற்றிலிருந்தனர். பயனீர் என்போர் துப்பாக்கியோடு மண்வெட்டியும் தாங்கிப் பாதை திருத்துவோர். வேண்டுங்கால் போரும் புரிவோர்.

கடலையே கண்டிராத பலர் வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டு, வாந்தியெடுத்து மெலிந்தனர். இடையிற் கரையிறங்கி இளைப்பாறவும் இடந்தரப்படவில்லை. அந்நாட்டுக் காடறிந்த ஆப்பிரிக்கப் படையினரின் உதவியையும் தளபதி வேண்டாமென்றார். இவற்றினும் விந்தை ஒன்றுண்டு. நவம்பர் 2-ஆம் தேதி ஃபாக்ஸ் என்னும் போர்க்கப்பலின் தலைவர் முன்னதாகக் கரைசேர்ந்து, ஊரை ஒப்புவிக்குமாறு எதிரிக்கு அவகாசங் கொடுத்தார்! காவல் மிகக் குறைந்திருந்த அவ்வூருக்கு, ஜெர்மானியத் தளபதி லெட்டோ வோர்பெக் ரயில் மார்க்கமாய்ப் படைகளை வரவழைத்துக்கொண்டார். அங்ஙனமும் அவர்பாற் சேர்ந்தோர் ஏறக்குறைய 1,000 பேரே.

3-ஆம் தேதி விடியலில் 61-ஆம் படையும் 13-ஆம் ராஜபுத்திரப் படையும் முன்னேறிப் பின்தள்ளப்பட்டன. மறுநாள் சைனியம் முழுதும் அடர்ந்த புதரூடே சென்றது. இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கவே 63-ஆம் படையாருட் பலர் அணிகுலைந்து ஓடினர். இதனை நாம் மறைக்கப்போவதில்லை. ஆனால் நகருட் புகுந்த வெள்ளையரான லங்காஷயர் படையும் அன்று மாலை திரும்பவே நேர்ந்தது. குண்டுகளாற் கலைந்த தேனீக்கள் இருதிறத்தாரையும் கொட்டின. ஜெர்மானியர் அவற்றைப் பழக்கி ஏவினர் எனப் பின்னர்க் கதைகட்டியோரும் உண்டு.

5-ஆம் தேதி சேனை மீண்டும் கப்பலேறிற்று. விரைவுபற்றிக் கனத்த பொருள்களையெல்லாம் கரையிலேயே விட்டனர். இயந்திரத் துப்பாக்கிகள், நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள், சுமார் 6 லட்சம் தோட்டாக்கள் ஆகியவை எதிரிக்கு எதிர்பாராத செல்வமாயின. நடக்கவியலாத காயமுற்றோரையும் அவ்வெதிரியின் பராமரிப்பிலேயே விட்டுச்செல்ல நேர்ந்தது. மாண்டோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக இழப்பு 800-க்கு மேல். தோல்விச் செய்தி இங்கிலாந்து ஜனங்களுக்குப் பல மாதங்கள் மறைக்கப்பட்டது.

எய்ட்கென் பதவியிழந்தார். ஆயினும் பழி சிப்பாயின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. அதற்கு நிலம் முன்னரே பண்படுத்தப்பட்டிருந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைச் சேனாதிபதியாயிருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போர்க்குணமற்றவர் எனக் கருதி, பின்னர் வடநாட்டாரையே மிகுதியாய்ச் சேர்க்கச் செய்தவர். 63-ஆம் படை 1922-இல் கலைக்கப்பட்டது. 61-ஆம் பயனீர்களோ டாங்காவுக்குப் பின்னரும் வருஷக்கணக்கில் அக்கீழை ஆப்பிரிக்காவிலேயே தங்கி உழைத்தனர். 1933-இல் பயனீர் படைகள் யாவும் கலைக்கப்பட்டபோது அவர் வழிவந்த சென்னைப் பயனீர்களும் மறைந்தனர். அந்த நான்கு நாட்களில் மாண்டோர்க்கு டாங்காவில் ஒரு நினைவிடம் உண்டு.