மலையிலா, எருசலேமிலா?
ஆராதனையின் உள்ளம்: ஒரு வரலாற்றுப் பார்வை



ஜூபிலி என்றதும் நம் கண்முன் நிற்பவை கொடியேற்றமும் தேர்ப்பவனியும் ஆடம்பரப் பாடற்பூசையும் விருந்துமே. இவையெல்லாம் வேண்டியவையே. வீட்டில் விழா என்றால் வாசலில் கோலமிடாதவர் யார்? ஆயினும், இத்தனை ஆண்டுகள் இங்கே ஒன்றுகூடி நாம் செய்துவந்த ஆராதனை எத்தகையது என்று சற்று நின்று பார்ப்பதற்கும் ஜூபிலி ஆண்டு நல்ல தருணமாகும்.

இக்கேள்வி புதியதன்று. சீக்கார் ஊர்க் கிணற்றருகே சமாரியப் பெண் ஆண்டவரிடம் கேட்டது இதைத்தான். தன் முன்னோர் கெரிசிம் மலையிலே தொழுது வந்தார்கள். யூதர்களோ எருசலேமில்தான் தொழவேண்டும் என்கிறார்கள். எது சரி என்று அவள் கேட்டாள். மலையில் வாழும் நமக்கு அவள் கேள்வி நன்றாகவே விளங்கும். ஆண்டவர் மலையையும் சொல்லவில்லை, நகரத்தையும் சொல்லவில்லை. தந்தை தேடுவது இடத்தை அன்று, தொழுபவரின் உள்ளத்தையே என்று அவளுக்கு உணர்த்தினார். யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள்.

இக்கேள்வி நம் தமிழகத் திருச்சபையிலும் எழுந்தது. அதுவும் நம் மலையடிவாரத்துக்கு மிக அருகே வந்து சென்ற ஒரு துறவியின் காலத்தில் எழுந்தது. சேசு சபையைச் சேர்ந்த இராபர்ட் தே நொபிலி, தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்டவர், 1606-இல் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தி, மரப்பாதுகை அணிந்து, மரக்கறி உணவே உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்றுச் சந்நியாசியாக வாழ்ந்தார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் விடவேண்டியதில்லை என்றார். இதைக் கண்டு உடன் பணியாற்றிய குருக்கள் சிலரே வெகுண்டனர். இவை பிற சமய வழிபாட்டின் அடையாளங்கள். கிறிஸ்தவன் உடலில் இவை இருக்கலாமா என்று மேலிடத்துக்கு எழுதினர். 1619-இல் கோவாவில் கூடிய அவையில் பெரும்பான்மையினர் நொபிலிக்கு எதிராகவே நின்றனர். வழக்கு ரோமாபுரி வரை சென்றது.

1623 ஜனவரி 31-ஆம் நாள் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் தம் தீர்ப்பை வெளியிட்டார். அந்தத் தீர்ப்பின் சாரம் கவனிக்கத்தக்கது. நூலும் குடுமியும் சந்தனமும் தம்மளவில் குற்றமுடையவை அல்ல. அவற்றை எந்தக் கருத்தோடு அணிகிறார்கள் என்பதே முக்கியம். குலத்தின் அடையாளமாகவோ உடல் தூய்மைக்காகவோ இருந்தால் இருக்கட்டும். மூட பக்தியின் கருத்து அதில் கலக்கக்கூடாது. அடையாளத்தைப் பார்த்து அன்று, அதன் பின்னே இருக்கும் உள்ளத்தைப் பார்த்தே திருச்சபை தீர்ப்பளித்தது. அதே 1623-இல் நொபிலி மதுரையை விட்டு வடக்கே பயணமாகி, திருச்சி வழியாகச் சேந்தமங்கலம் வந்தார். அங்கு ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை அன்போடு வரவேற்றார். சந்தை நாளில் நாம் இறங்கிச் செல்லும் அதே சேந்தமங்கலந்தான்! அங்கிருந்து சேலம் சென்று, தங்க இடமின்றித் துன்புற்றார், நோயுற்றார், 1625-இல் திருமங்கல நாயக்கருக்கு ஞானஸ்நானம் அளித்தார்.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு பகுதியும் உண்டு. அதைப் பலரும் சொல்வதில்லை. உயர்குலத்தில் பிறந்ததாகப் பெருமை கொள்வோர் எளிய மக்களை இகழக்கூடாது, குறிப்பாகக் கோவிலில் தேவ வார்த்தையைக் கேட்கும் இடத்திலும் தேவதிரவிய அனுமானங்களைப் பெறும் இடத்திலும் இகழக்கூடாது என்று பாப்பரசர் மிக உருக்கமாகக் கேட்டுக்கொண்டார். நூலுக்கும் சந்தனத்துக்கும் கிடைத்த அனுமதியை எல்லாரும் பற்றிக்கொண்டார்கள். இந்த வேண்டுகோளோ ஏட்டிலேயே தங்கிவிட்டது. வெட்கத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது, பிற்காலத்தில் தமிழகக் கோவில்கள் பலவற்றில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கப்பட்டது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட திருக்குடும்பக் கோவில் ஒரே பீடத்தை நோக்கி இரு கால்களாகப் பிரிந்த அமைப்புடையது. ஒரு பக்கம் ஒரு சாரார், மறுபக்கம் மற்றவர். இடையே தடுப்புச் சுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பங்குக் குருவானவர் அச்சுவரை இடித்தபோது, அதை மீண்டும் எழுப்பக் கோரிச் சிலர் நீதிமன்றம் ஏறினார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. சுவரைக் கேட்டவர்கள் தோற்றார்கள்.

அந்தக் கோவிலில் பூசைக்குக் குறைவிருந்திருக்காது. தூபமும் பாட்டும் நன்றாகவே இருந்திருக்கும். பீடத்தில் காணிக்கை வைக்க வருபவன், தன் சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டென்று அங்கே நினைவுகூர்ந்தால், காணிக்கையை அப்படியே விட்டு முதலில் போய்ச் சமாதானமாகட்டும் என்று ஆண்டவர் கற்பித்திருக்க, சகோதரனை மறைக்கவே சுவர் எழுப்பி அதன் இரு புறமும் முழந்தாளிட்டவர்களின் ஆராதனையை என்னவென்பது?

பிறகு வந்த மாற்றங்களை நம் பெரியவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். 1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. இலத்தீன் போய்த் தமிழ் வந்தது; மக்களுக்கு முதுகு காட்டி நின்ற குருவானவர் முகம் காட்டி நின்றார். 1969 ஏப்ரலில் இந்திய முறைப்படியான பன்னிரண்டு மாற்றங்களுக்கு ரோமாபுரி ஒப்புதல் அளித்தது. பாதணி கழற்றித் தரையில் அமர்தல், முழந்தாளிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பி வணங்குதல், பஞ்சாங்கப் பிரணாமம், குத்துவிளக்கு, ஆரத்தி முதலியன இவற்றுள் அடங்கும். இதற்கு அரும்பாடுபட்டவர் புதுவை நாட்டில் பிறந்த அருட்தந்தை து. சி. அமலோர்பவதாஸ். ஆரத்தியைக் கண்டதும் 'இது இந்துப் பூசை' என்று சிலர் கூச்சலிட்டனர். 1619-இல் கோவாவில் எழுந்த அதே கூச்சல்! மறுபக்கம், மெழுகுவர்த்தியைக் குத்துவிளக்காக மாற்றிவிட்டால் ஆராதனை தானாகவே உயிர்பெற்றுவிடும் என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். இரு சாராரும் அடையாளத்திலேயே நின்றுவிட்டார்கள். சங்கமோ, விசுவாசிகள் தகுந்த மனநிலையோடு வரவேண்டும், வாய் சொல்வதோடு உள்ளம் இசைந்திருக்க வேண்டும் என்று தெளிவாகவே கேட்டிருந்தது. ஓர் இலத்தீன் சொல்லும் விளங்காமல், பூசை நேரம் முழுவதும் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த நம் பாட்டிமாரை இன்று எள்ளி நகைப்போர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் உள்ளம் எங்கே இருந்தது என்பதை ஆண்டவர் அறிவார்.

இனி நம் மலைக்கே வருவோம். இங்கே நான் சொல்லப்போவது கத்தோலிக்கர் கதையன்று. பங்கு மலரில் பாப்டிஸ்டு சபையார் கதை எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பிரிந்த சகோதரர்களிடம் விளங்கும் நன்மைகளை மகிழ்வோடு ஏற்கவேண்டும் என்று 1964-இல் அதே சங்கந்தான் நமக்குச் சொல்லியிருக்கிறது.

இலண்டனிலிருந்து வந்த ஜெசி பிராண்டும் அவர் துணைவியார் ஈவ்லினும் 1913-இல் மணமுடித்து நம் மலைக்கு ஏறி வந்து வாழவந்தியில் குடியேறினார்கள். அன்று எழுபது கொண்டை ஊசி வளைவும் இல்லை, பேருந்தும் இல்லை. நடந்தோ டோலியிலோ வரவேண்டும். கொல்லிமலைக் காய்ச்சல் என்றாலே சமவெளியார் நடுங்கிய காலம். அவர்கள் மருந்து கொடுத்தார்கள், பல் பிடுங்கினார்கள், பள்ளி வைத்தார்கள், நரம்புச்சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி மெல்ல மெல்ல வெளியே எடுத்தார்கள். மக்கள் மருந்தை வாங்கிக்கொண்டார்கள், வேதத்தை வாங்கவில்லை. ஆண்டுகள் பல கடந்தும் ஒருவர்கூடச் சேரவில்லை. ஊர்ப் பூசாரி அவர்களைக் கடுமையாக எதிர்த்தார்.

முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், 1918-19-இல், உலகெங்கும் கோடிக்கணக்கானோரைக் கொன்ற விஷக்காய்ச்சல் நம் மலைக்கும் வந்தது. நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு, பயந்த மக்கள் ஊர்களை விட்டு ஓடினார்கள். பிராண்ட் தம்பதியர் அண்டாவில் அரிசிக் கஞ்சி காய்ச்சி, குடிசை குடிசையாகச் சென்று கரண்டியால் ஊட்டினார்கள். பூசாரியும் நோயில் விழுந்தார். அவர் வீட்டுப் பக்கம் சொந்த சனமே எட்டிப் பார்க்கவில்லை. அவர் எதிர்த்து நின்ற அந்த வெள்ளைக்காரரே மனைவியோடு வந்து கஞ்சி ஊட்டினார். சாகும் தறுவாயில் பூசாரி தம் கைக்குழந்தையான பெண் பிள்ளையை அவர்களிடமே ஒப்படைத்தார். தம்மவர் எல்லாரும் கைவிட்ட வேளையில் வந்தவர்கள் இவர்களே, ஆகவே இவர்கள் வணங்கும் கடவுளே மெய்யான கடவுளாக இருக்கவேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. அதன் பின்னரே மக்கள் அவர்கள் சொல்வதைக் கேட்கத் தொடங்கினார்கள்.

இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. பூசாரி என்பவர் வழிபாட்டையே தொழிலாகக் கொண்டவர். எது உண்மையான பூசை, எது வெறும் சடங்கு என்று பிரித்தறிய நம்மைவிட அவருக்கே தெரியும். பிராண்ட் துரை ஞாயிற்றுக்கிழமை எப்படி ஜெபித்தார், நின்றா முழந்தாளிட்டா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. திண்ணையைத் தாண்டி உள்ளே வந்து, தம்மைத் தொட்டுத் தூக்கிக் கஞ்சி ஊட்டிய கையைப் பார்த்தார். வடக்கன்குளத்துச் சுவரை வைத்துப் பார்த்தால், இந்தக் கை எதைச் செய்தது என்பது நன்றாக விளங்கும்.

1929-இல் கருநீர்க் காய்ச்சலால் ஜெசி பிராண்ட் தம் 44-ஆம் வயதில் இறந்தார். உதகமண்டலத்தில் 1914-இல் பிறந்து, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு மீண்டும் இயக்கம் தந்த மருத்துவர் பால் பிராண்ட் அவர்கள் மகன். ஈவ்லின் அம்மையார் கணவரின் மரணத்துக்குப் பின்னும் இந்தியாவுக்குத் திரும்பினார். சபை அவருக்கு ஓய்வு கொடுத்தபோது வயது எழுபதை நெருங்கியிருந்தது. அம்மையார் ஊர் திரும்பவில்லை, மறுபடியும் மலையேறினார். குதிரை மேலும், பிறகு கோல் ஊன்றியும், மலைக்கு மலை சென்று மருந்து கொடுத்தார். தம் முகம் பார்க்கும் கண்ணாடியையும் வீட்டிலிருந்து அகற்றிவிட்டார். கிணறுகளுக்குச் சுவர் கட்டவும் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கவும் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். அந்த நரம்புச்சிலந்தி நோய் 2000-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டதைக் காண அவர் இல்லை.

1974 டிசம்பரில், தம் 95-ஆம் வயதில் அவர் இறந்தார். அவர் விரும்பியபடியே, சவப்பெட்டி இல்லாமல், ஒரு சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி, வாழவந்தியில் கணவரின் கல்லறைக்கு அருகே, இந்த மலையின் மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.