தேரிக்காட்டுச் சிற்றூர்களும் ஒரு மக்களின் பெயரும்

பாளையங்கோட்டையிலிருந்து சாத்தான்குளம், திசையன்விளை, திருச்செந்தூர்ப் பக்கமாகச் செல்லும் சாலைகளில் ஊர்ப் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே போகிறவருக்கு ஒன்று புலப்படும். விளை, குடி, குளம், நேரி என முடியும் பழம்பெயர்களுக்கு இடையே வேறொரு வரிசை கலந்து கிடக்கிறது: மெய்ஞ்ஞானபுரம், கடாட்சபுரம், சுவிசேஷபுரம், பிரகாசபுரம், நாசரேத், சாயர்புரம், டோனாவூர். முந்தைய பெயர்கள் மண்ணையும் மரத்தையும் நீரையும் சொல்கின்றன. பிந்தையவை ஒரு நம்பிக்கையை, அல்லது தொலைதூரத்துப் புரவலர் ஒருவரைச் சொல்கின்றன. இவற்றுள் பல, திட்டமிட்டு உண்டாக்கப்பட்ட குடியிருப்புகள். இருந்த சிற்றூர் ஒன்று புதுப்பெயர் பெற்றதும் உண்டு.

வரிசையின் முதல் ஊருக்குப் பெயரே முதலூர். 1778இல் பாளையங்கோட்டையில் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா அம்மையார் 1785இல் அங்கே ஓர் ஆலயத்தை எழுப்பினார். சிறிய கோட்டைச் சபை நாட்டுப்புறத்துக்குப் பரவியபோதுதான் நெருக்கடி தோன்றியது. மதம் மாறிய பனையேறிகளின் குடிசை நின்ற மண் அவர்களுடையதல்ல. மனை நிலக்கிழாருக்குரியது, அவர் போகச் சொன்னால் போகவேண்டியதுதான். சாத்தான்குளத்தை அடுத்த பகுதியைச் சேர்ந்த டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியார், பாளையங்கோட்டைப் படை அதிகாரி ஒருவரின் பண உதவியோடு 1799இல் நிலம் வாங்கி, விரட்டப்பட்ட இருபத்தெட்டுப் பேரைக் குடியேற்றினார். முதலூரின் தொடக்கம் இதுவே. மற்றவர் விரட்டமுடியாத ஒரு மனை என்பதே அன்றைய தேவை. கோயிலும் பள்ளியும் அதன்மேல் எழுந்தவை.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் இதை ஒரு முறையாகவே ஆக்கினார். நிலம் வாங்கிக் குடியிருப்புகள் அமைக்கவென்றே ‘தரும சங்கம்’ உருவாயிற்று. அதில் சபையாரின் காசும் சேர்ந்தது. பிரஷ்யப் பிரபு டோனாவின் கொடையால் அமைந்த ஊர் டோனாவூர் ஆயிற்று. நெடுவிளை, மெய்ஞ்ஞானபுரமாயிற்று. பின்னாளில் ஜான் தாமஸ் அங்கே எழுப்பிய ஆலயத்தின் கோபுரம் 192 அடி உயரம். இடையன்குடியில் 1841 இறுதியில் வந்தமர்ந்த கால்டுவெல் தெருக்களை நேராக வகுத்தார்; கிணறு வெட்டினார். 1847இல் தொடங்கிய ஆலயப் பணி 1880இல்தான் நிறைவுற்றது. அவர் துணைவியார் எலைசா பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். பின்னல் வேலை கற்பித்தார். பனையில் பதநீர் இறங்கும் சில மாதங்களே வருவாயுள்ள குடும்பங்களுக்கு அந்தப் பின்னல் ஆண்டு முழுவதற்குமான சிறு காசு.

இந்தச் சிற்றூர்களின் தன்மையை விளங்கிக்கொள்ள, பால்டிக் கடலோரத்து எஸ்தோனிய மக்களின் வரலாறு உதவும் என்று தோன்றுகிறது. ஒப்புமை வலிந்து கொணர்வதல்ல. தரங்கம்பாடிக்கு 1706இல் சீகன்பால்குவையும், பின்னர் ஷ்வார்ட்ஸையும் அனுப்பிய ஜெர்மானிய ஹாலே நகரத்துப் பக்தி இயக்கமே எஸ்தோனியச் சிற்றூர்களையும் தொட்டது. 1739இல் முழு விவிலியமும் எஸ்தோனிய மொழியில் அச்சானதன் பின்னணியில் அந்த இயக்கம் உண்டு. அங்கும் நிலம் ஜெர்மன் பேசும் பிரபுக்களுடையது, போதகரும் ஜெர்மானியர், உழுபவர் எஸ்தோனியர். 1816இலும் 1819இலும் பண்ணையடிமை முறை ஒழிந்தபோது ஆள் விடுதலையானார், நிலம் விடுதலையாகவில்லை. குடும்பப் பெயர்களே அதன் பின்னர்தான் வந்தன. அவற்றில் பலவும் பண்ணை அலுவலகத்தில் வைத்தவை.

ஆயினும் வாசிப்பு வீட்டுக்குள் வந்துவிட்டது. 1897ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது எஸ்தோனியரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாசிக்கத் தெரிந்தவர்கள். வேதம் வாசிக்கக் கற்ற மக்கள் செய்தித்தாளும் வாசித்தார்கள். அதுவரை தம்மை ‘மண்ணின் மக்கள்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டவர்களை, 1857இல் ஜான்சன் தொடங்கிய வார இதழ் ‘எஸ்தோனிய மக்களே’ என்று விளித்தது. 1869இல் தார்த்து நகரில் முதல் பாடல் விழா. 1918இல் சுதந்திரப் பிரகடனம்.

அதே 1857இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் ஒரு தனிச் சபை பிறந்தது. அதைத் தோற்றுவித்த சட்டாம்பிள்ளை மிஷன் பள்ளியில் கற்று உபதேசியாராக இருந்து விலக்கப்பட்டவர். 1849இல் கால்டுவெல் பனையேறிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல், அம்மக்களை அயலிலிருந்து வந்தவர்களாகவும் தாழ்ந்தவர்களாகவும் காட்டியிருந்தது. அதை எதிர்த்தவர்களில் முன்நின்றவர் சட்டாம்பிள்ளை. வெள்ளையர் காசு வேண்டாம், அவர்தம் வழக்கங்களும் வேண்டாம் என்றது அவர் சபை. எதிர்ப்பு வலுத்த பின் கால்டுவெல் அந்நூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் தந்து தமிழர் எல்லோருக்கும் ஒரு தொன்மையை எடுத்துக்காட்டியவரும் இதே இடையன்குடிக்காரர்தான் என்பது வரலாற்றின் முரண். ஒரே மனிதரின் ஒரு நூலை மறுத்தும் மற்றொன்றைப் போற்றியும்தான் இந்த வட்டாரம் தன்னை உணர்ந்துகொண்டது.

குடியிருப்புகளின் உண்மையான விளைச்சல் இதுவே என்பேன். கோபுரங்களை விடவும், பள்ளிகளை விடவும், தம்மைப் பற்றி எழுதப்பட்டதை வாசித்து மறுத்துப் பேசும் மக்கள். 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1921இல் ‘நாடார்’ என்ற பெயரை அரசு ஏற்றது. அப்போராட்டத்தில் விருதுநகர், சிவகாசி வணிகர்களின் பங்கு பெரிது. எனினும் அதற்கு முன்பே, தேரி மணலில், பெயர் என்பது பிறர் இடுவதல்ல என்ற எண்ணம் எழுத்தேறிவிட்டது.

வேறுபாட்டையும் சொல்லவேண்டும். எஸ்தோனியச் சிற்றூர் ஒரு தேசத்தில் சென்று கலந்தது; நம் சிற்றூர் பெரும்பாலும் ஒரு சாதியில் சென்று நின்றது. விரட்டப்பட்டவர்களுக்கு அரணாக எழுந்த சுவர், அடுத்த தலைமுறையில் வேலியாயிற்று. முதலூரும் இடையன்குடியும் பெரிதும் ஒரே சமூகத்தாரின் ஊர்களாக வளர்ந்தவை; ஒரே வேதத்தை வாசித்தவர்கள் பெண் கொடுக்கும்போது பழைய கோடுகளையே பார்த்தார்கள். வேலியைத் தாண்டியவர்களும் உண்டு. 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்தை முன்னின்று அமைத்து, பின்பு தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லில் ஒடுக்கப்பட்டோரிடையே வாழ்ந்தவர் வெள்ளாளன்விளைக்காரரான அசரியா. 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவரும் அவரே.

எஸ்தோனியாவில் 1888இல் யாக்கோப் ஹூர்ட் என்ற போதகர், உங்கள் ஊர்ப் பாடல்களையும் கதைகளையும் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார். விவசாயிகளும் பள்ளி ஆசிரியர்களும் அனுப்பியவை ஒரு லட்சம் பக்கங்களைத் தாண்டின. நம் சிற்றூர்களை நாம் இன்றும் பெரும்பாலும் மிஷனெரிமாரின் ஆங்கிலக் கடிதங்கள் வழியாகவே அறிகிறோம். ஆலயங்களின் திருமுழுக்குப் பதிவேடுகளிலும், பாளையங்கோட்டையில் 1849இல் தொடங்கிய ‘நற்போதகம்’ இதழின் பழைய தொகுதிகளிலும், பிடியரிசிக் கணக்கிலும், அசனப் பந்தியில் முதியவர்கள் சொல்லும் கதைகளிலும் இருப்பது அந்த மக்களின் சொந்தக் குரல். தாள்கள் பொடிவதற்குள், சொல்பவர்கள் இருக்கும்போதே, அதை அவ்வூர்ப் பிள்ளைகளே எழுதவேண்டும்.