நீலகிரி மலை ரயில்: உடைமையும் கட்டணமும்

நீலகிரி மலை ரயில் கோயம்புத்தூர் மாவட்டத்து மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு, கல்லாற்றைக் கடந்து, குன்னூர் வழியாக உதகமண்டலத்தை அடைவது. பாதையின் நீளம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். மீட்டர் அகலத் தண்டவாளத்தில் அமைந்த இவ்வொற்றைப் பாதை கடல் மட்டத்திற்கு மேல் 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,203 மீட்டர் உயரத்தில் முடிகிறது. இடையே 208 வளைவுகளும், 16 சுரங்கங்களும், 250 பாலங்களும் உள்ளன. இந்தியாவில் பற்சட்டத்தின் (தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்களுள்ள சட்டத்தின்) துணைகொண்டு மலையேறும் ரயில் இது ஒன்றே. 1891-ல் தொடங்கிய கட்டுமானம் 1908-ல் நிறைவெய்துவதற்குள் இப்பாதை மூன்று உடைமையாளரைக் கண்டது. உடைமை மாறியபோது பாதை வளர்ந்த விதமும், பிற்காலத்தில் கட்டணம் மாறியபோது பயணிகள் மாறிய விதமும் இக்கட்டுரையில் கூறப்படும்.

தோற்றம்

தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் முதலிய மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் நீலகிரி மலை, கம்பெனி ஆட்சிக் காலத்தில் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்ததாக இருந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டரான ஜான் சல்லிவன் 1819-ல் மலைமேல் சென்று, அதன் குளிர்ந்த சீதோஷ்ணத்தில் மனம் பறிகொடுத்து, கோத்தகிரியை அடுத்த திம்பட்டியில் இல்லம் அமைத்துக்கொண்டதோடு, சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு பாதையும் வெட்டுவித்தார். உதகையில் ஐரோப்பியர் குடியேற்றத்திற்கு வித்திட்டவர் அவரே. சில தலைமுறைகளுக்குள் சென்னை சர்க்கார் கோடைக்காலத்தில் பரிவாரங்களோடு உதகைக்கு இடம்பெயர்வது நிலையான வழக்கமாகிவிட்டது. 1868-ல் நீலகிரி கோயம்புத்தூரினின்றும் பிரிக்கப்பட்டுத் தனி நிர்வாகத்தின் கீழ் வந்தது. ஆயினும் மலைக்குச் செல்லும் வாயில் கொங்கு நாட்டிலேயே நிலைபெற்றது.

போத்தனூரிலிருந்து கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையம் வரை 1873-ல் ரயில் வந்து சேர்ந்தது. அதன்பின் சென்னையிலிருந்து மலையடிவாரம் வரை நெருப்பு வண்டியில் வந்திறங்கும் பிரயாணி, அங்கிருந்து குதிரை பூட்டிய டோங்கா வண்டியிலோ, மாட்டு வண்டியிலோ, ஆட்கள் சுமக்கும் மஞ்சலிலோ குன்னூர் மலைப்பாதையில் ஏற வேண்டியிருந்தது. தேயிலை, காப்பி, சின்கோனா ஆகிய தோட்டப் பயிர்கள் கீழே இறங்குவதற்கும், மலைமேல் உள்ளோருக்கு அரிசியும் உப்பும் துணியும் மேலே ஏறுவதற்கும் மாட்டு வண்டியையே நம்பியிருந்த நிலையில், மலைமேல் ரயில் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. இக்கருத்து 1854-லேயே எழுந்ததுண்டு. ஆனால் இத்தனை செங்குத்தான சரிவில் வண்டி ஏற வல்ல யந்திரம் அன்று உலகில் எங்கும் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை.

முதற் கம்பெனிகள்

ஸ்விட்சர்லாந்து தேசத்தில் ரிகி என்னும் மலைமீது 1871-ல் பற்சட்ட ரயில் ஓடத் தொடங்கிய செய்தி உதகையை எட்டியதும், அதனை அமைத்த நிக்கோலஸ் ரிகன்பாக் என்னும் பொறியாளர் 1882-ல் நீலகிரிக்கு வரவழைக்கப்பட்டார். அவர் பாதையை ஆராய்ந்து 1,32,000 பவுன் செலவாகும் என மதிப்பிட்டார். ரிகியின் பெயரையே தாங்கி உள்ளூரில் ஒரு கம்பெனி தோன்றிற்று. நிலத்தை இனாமாகத் தர சர்க்கார் முன்வந்தது. பங்கு வாங்குவோரோ தாம் இடும் மூலதனத்திற்கு 4 சதவீத வட்டியை சர்க்கார் உத்தரவாதம் செய்ய வேண்டும் என்றனர். சர்க்கார் அதற்கு இணங்காமையால் முயற்சி கைவிடப்பட்டது.

1885-ல் 25 லட்ச ரூபாய் மூலதனத்தோடு நீலகிரி ரயில்வே கம்பெனி நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டு சர்க்காரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 1891 ஆகஸ்டு மாதம் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடங்கிவைத்தார். கோயம்புத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-ல் தொடங்கிய பஞ்சாலை இதே காலத்தில் ஊன்றி நின்று, அந்நகரம் பின்னர் ஆலை நகரமாவதற்கு அடிகோலியது. மலை ரயிலுக்கோ அந்தப் பேறு வாய்க்கவில்லை. பாறையைப் பிளப்பதற்கும், ஓடைதோறும் பாலம் எழுப்புவதற்கும், மழைக்காலத்தில் சரிந்த மண்ணை மீண்டும் மீண்டும் அகற்றுவதற்கும் ஆகும் செலவு, வண்டி ஓடி ஒரு காசு வருமானம் வருவதற்கு முன்பே மூலதனத்தை விழுங்கிவிடும் தன்மையது. 1894 ஏப்ரலில் கம்பெனி கலைக்கப்பட்டது. 1896 பிப்ரவரியில் மற்றொரு கம்பெனி தோன்றி, பழையதன் உடைமைகளை வாங்கி வேலையைத் தொடர்ந்தது. 1899 ஜூன் மாதம் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை ரயில் ஓடிற்று. வண்டிகளை ஓட்டும் பொறுப்பை, ஒப்பந்தப்படி மதராஸ் ரயில்வே கம்பெனி ஏற்றது.

பற்சட்ட வகைகள்

செங்குத்தான பாதைகளில் சக்கரம் வழுக்காமல் ஏறும்பொருட்டு, இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்களுள்ள இரும்புச் சட்டத்தைப் பதித்து, எஞ்ஜினிலுள்ள பற்சக்கரத்தை அதனோடு கோத்து ஏற்றுவது பற்சட்ட முறை. இது நான்கு பெருவகைப்படும்.

ரிகன்பாக் முறையில் சட்டம், தரையில் கிடத்திய ஏணியைப் போல் இரு விளிம்புகளும் அவற்றிடையே குறுக்குக் கம்பிகளும் உடையது. ரோமான் ஆப்ட் 1882-ல் உரிமை பெற்ற முறையில், பல் வெட்டிய தட்டைச் சட்டங்கள் இரண்டு அருகருகே நிற்கும். ஒன்றின் பல் மற்றொன்றின் பள்ளத்திற்கு நேராக அமைவதால், எந்தக் கணத்திலும் ஒரு பல்லாயினும் சக்கரத்தைத் தாங்கியிருக்கும். லோக்கர் முறை சட்டத்தின் இருபக்கங்களிலும் பல் வெட்டியது. 1889-ல் திறக்கப்பட்ட பிலாட்டஸ் மலைப்பாதை இம்முறையிலானது. ஸ்ட்ரப் முறை, தண்டவாளத்தின் தலையிலேயே பல் வெட்டிய எளிய அமைப்பாகும்.

ரிகன்பாக் தாமே வந்து அளந்த மலையாயினும், நீலகிரிக்கு ஏற்றது ஆப்ட் முறையே எனத் தேர்ந்தனர். அந்தத் தேர்வு சரியானது என்பதைப் பின்வந்த நூறாண்டு அனுபவம் மெய்ப்பித்துவிட்டது. கல்லாறு முதல் குன்னூர் வரை சரிவு சுமார் பன்னிரண்டுக்கு ஒன்று. கல்லாற்றைத் தாண்டிப் பற்சட்டம் தொடங்குமிடத்தில் ரயில் நடைவேகத்திற்குத் தணிந்து, பற்சக்கரம் சட்டத்தில் பொருந்திய பின்பே மேலேறும். எஞ்ஜின் முன்னின்று இழுப்பதில்லை. கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஸ்விட்சர்லாந்தின் வின்டர்த்தூர் தொழிற்சாலை 1914 முதல் அனுப்பிய 'எக்ஸ்' வகை எஞ்ஜின்களில் நான்கு உருளைகள் உண்டு. சமதரையில் இரண்டு உருளைகள் சாதாரணச் சக்கரங்களை ஓட்ட, ஏற்றத்தில் அவற்றினின்று வெளிப்படும் நீராவியே மற்ற இரண்டினுள் புகுந்து பற்சக்கரத்தைச் சுழற்றும். டிரைவர் பின்னால் இருப்பதால், பெட்டிதோறும் முன்மேடையில் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று கொடியசைத்து, பாதையின் நிலையை அடுத்த பெட்டிக்கு அறிவிக்க, அது எஞ்ஜின்வரை சென்று சேரும். ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்ஜின் தண்ணீர் பிடிக்கும்வரை பிரயாணிகள் இறங்கி நிற்பது வழக்கம்.

சர்க்கார் உடைமை

1903 ஜனவரியில் சர்க்கார் இப்பாதையை 35 லட்ச ரூபாய்க்கு விலைக்கு வாங்கிற்று. தனியார் மூலதனத்தால் குன்னூரைத் தாண்ட இயலாத பாதை, பொது உடைமையானதும் உதகை நோக்கி வளர்ந்தது. மேலும் பதினொன்றே முக்கால் மைல் தூரத்திற்கு 24 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் செலவாயிற்று. நிர்வாகம் தென்னிந்திய ரயில்வேக்கு மாற்றப்பட்டு, 1908 செப்டம்பரில் பெர்ன்ஹில் வரையும், அக்டோபரில் உதகை வரையும் ரயில் சென்றது. குன்னூருக்கு மேல் சரிவு குறைவாதலின் அங்கே பற்சட்டம் இல்லை. வெல்லிங்டன் ராணுவ முகாமும், அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் இப்பகுதியில் பாதையை ஒட்டியே அமைந்தன. தென்னிந்திய ரயில்வே 1944-ல் சர்க்கார் நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1951-ல் தெற்கு ரயில்வே உருவானபோது அதில் இணைந்தது. பாலக்காடு கோட்டத்தில் நெடுங்காலம் இருந்த இப்பாதை, கொங்கு மக்களின் நீண்ட கோரிக்கைக்குப்பின் 2007 நவம்பரில் அமைந்த சேலம் கோட்டத்தின் பொறுப்பாயிற்று.

பிற மலைகளோடு ஒப்புநோக்கு

சிம்லா மலைக்கு 1903-ல் ரயில் விட்ட கம்பெனி, செலவின் மிகுதியை முன்னிட்டு, பிற பாதைகளைக் காட்டிலும் உயர்ந்த கட்டணம் வசூலிக்க விசேஷ அனுமதி பெற்றது. அவ்வாறு வசூலித்தும் நஷ்டம் தீரவில்லை. 1906-ல் அதனையும் சர்க்கார் வாங்கிற்று. டார்ஜீலிங் பாதை 1948 வரை தனியார் கம்பெனியிடம் இருந்து, பின் தேச உடைமையாயிற்று. ஆகவே இந்திய மலை ரயில்கள் யாவும் இறுதியில் பொதுப் பொறுப்பிலேயே நிலைத்தன.

மேலைநாட்டுப் பனிச்சறுக்கு மலைகளில் போக்கு இதற்கு நேர்மாறு. கனடாவின் விஸ்லர் பிளாக்கோம் மலையை 2016-ல் அமெரிக்காவின் வேல் ரிசார்ட்ஸ் கம்பெனி வாங்கி, 2008 முதல் தான் விற்றுவந்த 'எபிக்' என்னும் பருவச் சீட்டின் வளையத்துக்குள் கொண்டுவந்தது. பருவம் முழுமைக்கும் முன்கூட்டியே வாங்குவோருக்கு இச்சீட்டு மலிவு. ஒருநாள் வந்துபோக விரும்பும் அக்கம்பக்கத்துக் குடும்பமோ வாயிலில் மிகுந்த விலை கொடுக்க வேண்டும். காஷ்மீரத்தின் குல்மார்க் பனிச்சரிவிலோ, கம்பிவடத் தொட்டிலை இயக்குவது அரசுக் கழகமே. மலையை யார் உடையவர் என்பதும் சீட்டின் விலை என்ன என்பதும் சேர்ந்தே அங்கு வருவோர் யார் என்பதைத் தீர்மானிக்கின்றன.

கட்டணம்

விடுதலைக்குப்பின் நெடுங்காலம், மலை ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஏழையும் எட்டக்கூடிய அளவிலேயே இருந்தது. மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிக்கு வரும் வியாபாரியும், குன்னூரில் உறவு கொண்ட கூலியாளும், கோவை மில் தொழிலாளி குடும்பமும் ஒரே பெட்டியில் அமர்ந்து சென்றனர். பஸ்ஸும் லாரியும் பெருகியபின் அவசரப் பிரயாணிகளும் சரக்குகளும் சாலைக்கு மாறிவிட, ஐந்து மணி நேரத்திற்குச் சற்றே குறைவாக ஏறும் ரயிலில் வரவினும் செலவே மிகுந்தது. 2005 ஜூலையில் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபின் வெளியூர், வெளிநாட்டுப் பிரயாணிகள் திரண்டனர். பல நாள் முன்னரே சீட்டுகள் தீர்ந்துபோகத் தொடங்கின.

2018 அக்டோபரில் கட்டணம் திருத்தப்பட்டது. மேட்டுப்பாளையம் முதல் உதகை வரை முன்பதிவு செய்த இரண்டாம் வகுப்பு 30 ரூபாயிலிருந்து 295 ரூபாய்க்கும், முதல் வகுப்பு 195 ரூபாயிலிருந்து 470 ரூபாய்க்கும் உயர்ந்தன. வசதி படைத்தோர் ஏறும் முதல் வகுப்பு இரண்டரை மடங்களவு உயர, எளியோர் ஏறும் வகுப்பு பத்து மடங்கை நெருங்கியது கவனிக்கத்தக்கது. பராமரிப்புச் செலவை முன்னிட்டு உயர்வு தேவையாயிருந்தது என்பது உண்மையே. அதன் சுமை பகிரப்பட்ட விதம் நியாயமானதன்று.

2020 டிசம்பரில், பெருந்தொற்றினால் அன்றாடப் போக்குவரத்து நின்றிருந்தபோது, தனியார் நிறுவனம் ஒன்று ரயிலை வாடகைக்கு எடுத்து, சீட்டுக்கு 3,000 ரூபாய் வசூலித்து ஓட்டியது. மலை ரயில் தனியாருக்கு விற்கப்பட்டுவிட்டதென எழுந்த கண்டனத்திற்கு, இது வாடகை ஓட்டமே அன்றி உடைமை மாற்றமன்று எனத் தெற்கு ரயில்வே விளக்கம் தந்தது. டிசம்பர் 31 முதல் வழக்கமான ரயில் மீண்டும் ஓடிற்று. 2022 ஜூன் மாதம், பாரத் கௌரவ் திட்டத்தின் முதல் ரயில் கோவை வடக்கு நிலையத்திலிருந்தே ஷீரடிக்குப் புறப்பட்டது. ரயிலை வாடகைக்கு எடுத்துக் கட்டணத்தைத் தனியார் நிர்ணயிக்கும் முறை அதன்மூலம் முறையான திட்டமாகவே வடிவெடுத்தது.

இன்றைய நிலை

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்கு ரயில் புறப்பட்டு நண்பகலில் உதகை சேர்கிறது. குன்னூருக்கு மேல் டீசல் எஞ்ஜின் இழுக்கிறது. புதிய நீராவி எஞ்ஜின்கள் திருச்சி பொன்மலைப் பணிமனையில் செய்யப்படுகின்றன. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்படுவதுண்டு. 2024 மே முதல் நீலகிரிக்கு வாகனத்தில் செல்வோருக்கு இ-பாஸ் தேவை.

மதிப்பீடு

இரண்டு கம்பெனிகளும் குன்னூரைத் தாண்டாததையும், பொது மூலதனமே உதகைவரை பாதையைக் கொண்டுசென்றதையும் நோக்குமிடத்து, இப்பாதை லாபக் கணக்கால் அளக்கத்தக்க சொத்தன்று என்பது தெளிவு. உல்லாசப் பிரயாணிகளுக்கான விசேஷ ரயில்களில் எவ்வளவு உயர்ந்த கட்டணமும் வைக்கலாம்; அதில் பிழையில்லை. ஆனால் அன்றாட ரயிலில் ஒரு பெட்டியேனும் பஸ் கட்டணத்தை மிஞ்சாத விலையில் அடிவாரத்து ஊர்மக்களுக்கும் மலைவாசிகளுக்கும் உரியதாக ஒதுக்கப்பட வேண்டும். இப்பாதையை வாங்கக் கொடுத்த 35 லட்சம் பொதுமக்களின் வரிப்பணமே.