வைடூரியம்: பெயரும் பொருளும்

கல்வராயன் மலையடிவாரத்தில் அமைந்தது எங்கள் கச்சிராயபாளையம். மழைக்குப் பின் ஓடை மணலில் ஒளிரும் கற்களைப் பொறுக்கிவரும் சிறுவர்கள், “இது என்ன விலை பெறும்?” என்று என்னை வினவுவதுண்டு. பெயரை அறியுமுன் விலையைப் பேசலாகாது என்பதே நான் கூறும் விடை. பெயரை அறிவதும் எளிதன்று. மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு மணியின் வரலாறே இதற்குச் சான்று.

இன்று நவமணிகளுள் வைடூரியம் என்று நாம் வழங்குவது பூனைக்கண் போல் ஒளிக்கீற்று ஓடும் கல். இலங்கையின் இரத்தினபுரிப் பகுதியில் ஆற்றுப்படுகைச் சரளையிலிருந்து அது எடுக்கப்படுகிறது. கனிம நூலார் அதனைக் கிரிசோபெரில் என்பர். ஆனால் வேளூரியம் என்ற பிராகிருதச் சொல்லே மேற்கே சென்று ‘பெரில்’ ஆயிற்று என்பது மொழியறிஞர் கருத்து. பெரிலோ வேறொரு கல். கொங்கு நாட்டில் காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்தது அதுவே.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியரான பிளினி, பெரில் இந்தியாவில் விளைவது என்றும், கடல்நீரின் பசுமை உடையதே சிறந்தது என்றும் எழுதினார். பொன்னிறம் கலந்து வெளிறியதைக் கிரிசோபெரில் என்றார். பளிங்குக்குச் சாயமேற்றிப் போலிப் பெரில் செய்வோர் உண்டு என்ற எச்சரிக்கையும் அவர் நூலில் இருக்கிறது! பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான் வெர்னர் என்ற ஜெர்மானிய அறிஞர், இன்று அப்பெயர் பெற்றுள்ள கல்லைத் தனிக் கனிமமாகப் பிரித்தறிந்தார்.

நிறம் ஒன்றாயினும் இவற்றை வேறுபடுத்த வழியுண்டு. கல்லைக் காற்றிலும் நீரில் அமிழ்த்தியும் நிறுத்துப் பாருங்கள். 3.7 கிராம் எடையுள்ள கிரிசோபெரில் நீரில் ஏறக்குறைய 1 கிராம் இழக்கும். அதே எடையுள்ள பெரில் ஏறக்குறைய 1.4 கிராம் இழக்கும். ஆகவே முன்னதன் ஒப்படர்த்தி 3.7, பின்னதன் ஒப்படர்த்தி 2.7. கடினத்திலும் பெரில் எட்டுக்கு மேற்படாது, கிரிசோபெரில் எட்டரை. பளிங்கின் ஒப்படர்த்தி பெரிலை ஒட்டியே வருவதால், அங்கே கடினத்தையும் ஒளிவிலகலையும் ஆராய வேண்டும்.

இனம் தெளிந்த பின்னரே மதிப்பு. நிறம், தெளிவு, பட்டை, காரட் எடை ஆகியவை விலையை வகுக்கும். பூனைக்கண்ணுக்கோ, கீற்று நடுவில் நேராகவும் கூர்மையாகவும் ஓடுதல் வேண்டும்.

வணிகன் தராசுக்கு எட்டாத மதிப்பும் ஒன்றுண்டு. நொய்யற்கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அகழ்ந்தபோது, மணித்தொழில் நடந்ததற்குரிய பெரில் முதலிய கற்களைக் கண்டனர். பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ எனக் குறிக்கும் ஊர் இதுவென்பது ஆய்வாளர் துணிபு. துளையிடப்படாத ஒரு மணி சந்தையில் சில ரூபாய்க்கே போகலாம். கிடைத்த மண்ணடுக்கோடு சேர்த்து நோக்கினால், அது ஒரு தொழிற்கூடத்தையே காட்டும். அதனைப் பெயர்த்துச் சட்டைப்பையில் இட்டுவிட்டால் கல் மட்டுமே எஞ்சும், வரலாறு போய்விடும். ஆதலின் மாணவர்களே, பழைய மேடுகளில் மணியொன்றைக் காண்பீராயின், அதனைக் கிடந்த இடத்திலேயே விட்டு, தொல்லியல் துறையினருக்குத் தெரிவியுங்கள்.